ஐந்து நாளுக்கு மேல்

என் கழுத்தில் தொங்குவது சிலுவை அல்ல,
மூன்றாம் அலமாரியின் சாவி.
குத்தாயிசி மருத்துவமனையின் நிலவறையில்
வெந்நீர்க் குழாய்கள் முனகும் கூரைக்கு அடியில்
பஞ்சு, ஊசி, கையுறை, தையல் நூல்
கேட்ட கைக்கு உடனே தருவேன்.
மூன்றாம் அலமாரிக்கு மட்டும்
படிவம் வேண்டும்.

உள்ளே கதீட்டர்கள்.
கழுத்து ரத்தக்குழாயில் புகுந்து
இதயத்தின் வாசல்வரை போகிறவை.
சாதாரணமானது வெள்ளை; அது வெளி அடுக்கில் கிடக்கும்.
இவை துருவின் நிறம்.
உள்ளும் புறமும் மருந்து பூசியவை,
குடியேற வரும் கிருமிக்கு
கால் ஊன்ற இடம் தராதவை.
விலை நான்கு மடங்கு.
மாதத்துக்கு ஆறு. ஏழாவது கேட்டால்
கணக்கர் தொலைபேசியில் பெருமூச்சு விடுவார்.

படிவத்தில் ஒரே ஒரு கேள்வி:
குழாய் ஐந்து நாளுக்கு மேல் இருக்குமா?

இல்லை என்று எழுதுகிறவர்
நோயாளி சீக்கிரம் எழுந்துவிடுவார் என்று நம்புகிறார்.
ஆம் என்று எழுதுகிறவருக்கு
நல்ல குழாய் கிடைக்கிறது.
நம்பிக்கைக்கு வெள்ளை,
நம்பிக்கை இல்லாததற்குத் துரு.
யார் யோசித்த படிவமோ.

நவம்பரில் ஓத்தியாவைக் கொண்டுவந்தார்கள்.
சியாத்தூராவில் ரோப் காருக்கு வடம் பார்க்கிறவர்,
விரல் ரேகைகளில் மாங்கனீசுக் கரி,
வயிறெல்லாம் சீழ்.
இரவு இரண்டு மணிக்கு டாக்டர் பெசாரியோன் படியிறங்கி வந்தார்.
பேனாவில் மை இல்லை.
அழுத்தி அழுத்தி "ஆம்" என்று எழுதினார்,
அடுத்த மூன்று தாள்களிலும் அது பதிந்திருக்கிறது.
மேலே போய் ஓத்தியாவின் மனைவி எதேரியிடம்
"ஞாயிற்றுக்கிழமை எழுந்து உட்கார்ந்துவிடுவார்" என்றார்.
இரண்டையும் மனதாரத்தான் சொல்லியிருப்பார்.

அதே வாரம் நானுலி.
மினிபஸ் கவிழ்ந்து விலா எலும்புகள் ஒடிந்தவள், வயது முப்பத்தொன்று.
பெசாரியோன் படிவத்தை எடுத்தார், பார்த்தார்,
திரும்ப வைத்தார்.
"சின்னப் பெண். வியாழனுக்குள் போய்விடுவாள்."
நான் வெளி அடுக்கிலிருந்து
வெள்ளையை எடுத்துக் கொடுத்தேன்.
நல்ல செய்தி என்று
எனக்கும் கொஞ்சம் சந்தோஷம்.

எட்டாம் நாள் அவளுக்குக் குளிர் நடுக்கம்.
ரத்தம் எடுத்து வைத்த இரண்டு புட்டிகளிலும் முளைத்தது.
பிழைத்தாள்.
பிழைக்க வைத்த மருந்து
காதில் பாதியை வாங்கிக்கொண்டது.
போகும்போது நன்றி சொன்னாள், வெகு உரக்க,
இங்கே நிலவறைவரை கேட்டது.

ஓத்தியாவின் குழாய் பதினோரு நாள் இருந்தது.
காய்ச்சல் இல்லை.
பூச்சுதான் காத்ததா?
ஒவ்வொரு தடவையும் குழாயின் வாயைத் துடைக்கையில்
உதடசைய பதினைந்துவரை எண்ணும்
நர்ஸ் நெஸ்தானா?
வெறும் அதிர்ஷ்டமா?
வராத காய்ச்சலுக்குச் சாட்சி கிடையாது.
நானுலிக்குத் துரு நிறம் கொடுத்திருந்தால் என்ற கேள்விக்கும்
பதில் கிடையாது, எனக்கு அது தெரியும்.
தெரிந்தும் இரவில் கேட்டுக்கொள்கிறேன்.

குழாயை உருவியபோது
ஓத்தியா அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாராம்.
"வடத்தில் இந்த நிறம் கண்டால்
நாங்கள் வண்டியையே நிறுத்திவிடுவோம்.
நீங்கள் இதைக் காசு கொடுத்தா பூசுகிறீர்கள்?"
சிரித்து, தையல் இழுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டாராம்.
நெஸ்தான் சொன்னாள்.

டிசம்பர் கடைசியில் ஒரு ரொட்டிக்காரர்.
புது டாக்டர் மூச்சிரைக்க வந்தார்:
"சாதாரணமானது போதும், மூன்றே நாள்."
அவருடைய முகத்தில்
வியாழனுக்குள் என்ற அதே வெளிச்சம்.

சாவியைக் கழற்றினேன்.
படிவம் கேட்கவில்லை.
நோயாளிக்கு எந்த மருந்தாவது ஒவ்வாதா என்று மட்டும் கேட்டேன்,
இல்லை என்றார், கொடுத்தேன்.

மாதக் கணக்கில் ஒன்று குறைகிறது.
பதிவேட்டில் எழுதியிருக்கிறேன்:
உறை கிழிந்தது, ஒன்று.

பொய் இல்லை.
உறையைக் கிழிக்காமல்
குழாயை வெளியே எடுக்க முடியாது.